வெயிலில் வைத்த பிஸ்டல்

டிசம்பர் 4

இன்று காலை, முழு அளவிலான ஆலோசனைக்குப் பிறகு, பிஸ்டலைச் சமையலறை மேடையில் வைப்பதில்லை என்றும், இனி அது சாப்பாட்டு மேஜையின் வடக்கு ஓரத்தில் மட்டுமே இருக்கும் என்றும் முடிவெடுக்கப்பட்டது. என் மனைவி கோகிலா, தலைமைக் காவலர் சவரிமுத்து, நான் ஆகிய மூவரும் கூட்டத்தில் கலந்துகொண்டோம். ஊறுகாய் ஜாடி எங்கே போகும் என்று கோகிலா எழுப்பிய ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டு, ஜாடி தெற்கு ஓரத்துக்கு மாற்றப்பட்டது. கல்லூரியில் முப்பது வருடம் வரலாறு நடத்தியவன் நான். எத்தனையோ எல்லைப் பேச்சுவார்த்தைகளைப் பற்றிப் பேசியிருக்கிறேன். இவ்வளவு சுமுகமாக முடிந்த ஒன்றை எங்கும் படித்ததில்லை.

பிஸ்டல் எங்கள் வீட்டுக்கு வந்த காரணத்தையும் எழுதிவைக்கிறேன். செப்டம்பரில் ஒரு நாள் காலை, நூலக ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். எதிரே பஸ் நிறுத்தத்தில் வனத்துறைச் சோதனைச் சாவடிக் காவலர் போஜன் நின்றிருந்தான். அதற்கு முந்தைய வாரம் ஒரு ராத்திரி, மரக்கடை பரமேஸ்வரனின் லாரியைத் திருட்டு ஈட்டி மரத்தோடு பிடித்துக் கொடுத்தவன் அவன். பரமேஸ்வரனின் மைத்துனன் தினகரனும் வேறு இருவரும் வந்து அவனை அரிவாளால் வெட்டிக் கொன்றார்கள். நல்ல வெயில். என் கண்ணாடி புதியது. மூன்று முகங்களையும் பார்த்தேன். நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேரும் அந்த நேரம் பார்த்துச் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்திருந்ததாகப் போலீசிடம் சொல்லியிருக்கிறார்கள். மிச்சம் நான்.

ஜனவரியில் சாட்சி சொல்ல வேண்டும். குற்றம் சாட்டப்பட்ட மூவரும் ஜாமீனில் இருக்கிறார்கள். அதுவரை நான் உயிரோடு இருக்க வேண்டும் என்பது அரசின் விருப்பம். அதற்காகத் தூத்துக்குடிக்காரரான சவரிமுத்துவையும் ஒரு பிஸ்டலையும் இந்த மலைக்கு அனுப்பியிருக்கிறது.

டிசம்பர் 5

ரசத்தில் உப்பு அதிகம். வெளிக்கதவின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டேன். படுக்கப் போகும் முன் அதை நான்கு முறை சரிபார்த்ததாகக் கோகிலா சொல்கிறாள். மூன்று முறைதான்.

டிசம்பர் 7

காலைக் காப்பிக்கு முன் சவரிமுத்து பிஸ்டலின் தோட்டாக்களை எடுத்துவிட்டு, மேலே இருக்கும் ஸ்லைடைப் பின்னால் இழுத்து விடுவார். அது படக்கென்று முன்னால் வந்து விழும். பிறகு தோட்டாக்களைத் திரும்பப் போடுவார். இன்று இழுத்து விட்டார். ஸ்லைடு பாதி வழி வந்து நின்று யோசித்தது.

"என்னாச்சு சவரிமுத்து?"

"ஒண்ணுமில்ல சார். குளிருக்கு லேசா மொரண்டு பிடிக்கி."

"அவசரத்துக்குச் சுடுமா?"

"மொதத் தோட்டா கண்டிப்பா சுடும் சார்."

"அப்புறம்?"

"அப்புறம் கையால தள்ளி விடணும்."

"அதுக்கு எவ்வளவு நேரமாகும்?"

சவரிமுத்து நேர்மையான மனிதர். கொஞ்சம் யோசித்தார். "வந்தவன் நல்லவனா இருந்தா காத்திருப்பான் சார்."

இந்த ரகப் பிஸ்டலை ஐரோப்பாவில் இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே வடிவமைத்தார்களாம். ஒரு தோட்டா வெடித்த வேகத்திலேயே அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். அதனால் பாதித் தானியங்கி என்று பெயர். உலகெங்கும் ராணுவங்கள் அதை நம்பியிருக்கின்றன. எங்களுடையது அந்தப் பாதியிலும் பாதியை மட்டும் கடைப்பிடிக்கிறது.

டிசம்பர் 9

ஆயுதக்கிடங்கில் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் ஆர்மரரோடு சவரிமுத்து போனில் பேசினார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"சுட்டுப் பாத்தியாய்யா?"

"இல்லய்யா. தோட்டாவுக்குக் கணக்கு கேப்பாவல்லா."

"சுடாம எப்படி ரிப்பேர்னு எழுதுறது?"

"அப்ப சுடுறதுக்கு பர்மிசன் குடுங்கய்யா."

"நல்லா இருக்கிற துப்பாக்கிக்குத்தான் பர்மிசன் குடுக்க முடியும். ரிப்பேரான துப்பாக்கிய வச்சுச் சுட்டு, உன் கை போச்சுன்னா யாருய்யா பதில் சொல்றது?"

இதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. சாயங்காலம் வரை முயன்றேன்.

டிசம்பர் 10

என் பழைய மாணவன் குணசீலன் பார்க்க வந்தான். இப்போது பரமேஸ்வரனின் மரக்கடையில் நிர்வாகம் பார்க்கிறானாம். சூடான வர்க்கி பிஸ்கட் ஒரு பெட்டி கொண்டுவந்தான். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உடம்பை விசாரித்தான். பெங்களூரில் இருக்கும் என் மகள் கயற்கண்ணியை விசாரித்தான்.

"பாப்பாவுக்கு இது ஆறாவது மாசமுங்களா சார்? நாலாவது மாடியாச்சே. லிப்ட் நல்லா வேலை செய்யுதுங்களா?"

செய்கிறது என்றேன். வகுப்பில் பானிப்பட் போர் நடந்த ஆண்டை மூன்று முறை கேட்டும் சொல்லாதவன். ஞாபகசக்தி வயதுக்கு வந்த பிறகு வளரும் போலிருக்கிறது.

கோகிலா வர்க்கியைக் குப்பையில் போட்டாள். சவரிமுத்துவுக்கு வருத்தம்.

டிசம்பர் 12

பஸ் நிறுத்தத்தில் என்னுடைய கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். ஆறடிக்கு நாலடி. இரண்டு மூலையிலும் குத்துவிளக்கு. 'அறிவுச் சுடர் அணைந்தது' என்று தலைப்பு. 'முன்னாள் மாணவர்கள்' என்று கீழே. தோற்றம் என்ற இடத்தில் என் பிறந்த தேதி சரியாக இருக்கிறது. மறைவு என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறார்கள். படம், கல்லூரிப் பிரிவு உபசார விழாவில் எடுத்தது. அந்த ஆல்பத்தைத் தயாரித்தவன் குணசீலன்.

சவரிமுத்து ஏறிக் கத்தியால் கயிற்றை அறுத்தார். கீழே நின்று பிடித்துக்கொண்டேன். பக்கத்துக் கடைக்காரர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "படத்துல கொஞ்சம் நெறமா இருக்கீங்க சார்" என்றார்.

மடித்து எடுத்துவந்தோம். விறகு மூடுவதற்கு ஆகும் என்று கோகிலா சொன்னாள். பிறகு குளியலறைக்குள் போய் வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தாள்.

டிசம்பர் 13

பால்காரர் பால் ஊற்றாமல் போய்விட்டார். துக்க வீட்டில் எப்படிக் கேட்பது என்று தயங்கினாராம்.

டிசம்பர் 16

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் கோகிலா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு ஜீப் நின்றது. மூன்று பேர். யாரையும் முன்பின் பார்த்ததில்லை. ஒருவன் பெரிய ரோஜா மாலையோடு இறங்கி, "சார் வீடுங்களா? அஞ்சலி செலுத்த வந்தோம்" என்றான். கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். சவரிமுத்து மேஜையிலிருந்த பிஸ்டலை எடுத்துக்கொண்டு ஓடிவந்து ஸ்லைடை இழுத்தார்.

அது பாதியில் நின்றது.

தள்ளினார். வரவில்லை. உள்ளங்கையால் அடித்தார். மறுபடி அடித்தார். நான் வராந்தாவில் நின்றிருந்தேன். மாலைக்காரன் ரயிலுக்குக் காத்திருப்பவனைப் போல, எந்த அவசரமும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொறுமையாப் பாருங்கண்ணே. நாங்க இன்னொரு நாள் வர்றோம்" என்றான். மாலையைக் கேட்டில் மாட்டிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனான்.

மிரட்டுவதற்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்று இன்ஸ்பெக்டர் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் வந்த இடத்தில், எங்கள் பிஸ்டல் வேலை செய்யாது என்பதையும் தெரிந்துகொண்டு போயிருக்கிறார்கள். இதுவரை அது எங்கள் மூவருக்கும் ஆர்மரருக்கும் மட்டும் தெரிந்திருந்தது.

சவரிமுத்து மதியம் சாப்பிடவில்லை. கோகிலா கையில் ஒரு துணிக் கிளிப்பை நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 17

அறிவியலில் பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாம் அற்ப விஷயங்களிலிருந்து வந்தவை என்பார்கள். காலையில் கோகிலா தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கொண்டுபோய் மதில் மேல் வெயிலில் வைத்தாள். மலையில் மார்கழி முழுக்க இதுதான் வழக்கம். எண்ணெய் வெள்ளையாக, மெழுகு போல உறைந்திருந்தது. அதைப் பார்த்தேன். பிறகு மேஜையின் வடக்கு ஓரத்தைப் பார்த்தேன்.

"சவரிமுத்து, பிஸ்டலுக்கு என்ன எண்ணெய் போடுறீங்க?"

"தேங்கா எண்ணெதான் சார். வீட்டுல செக்குல ஆட்டுனது. கலப்படமே கெடையாது."

"துப்பாக்கிக்குன்னு தனி எண்ணெய் தர மாட்டாங்களா?"

"ஸ்டோர்ஸ்ல அது தீந்து ரெண்டு வருசமாச்சு. இதுதான் போட்டுட்டு வாரேன். எங்க ஊர்ல தண்ணியாட்டம்லா ஓடும்."

அவரை மதிலுக்கு அழைத்துப் போய்ப் பாட்டிலைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். "அட பாவி மனுசா" என்றார். யாரை என்று தெரியவில்லை.

தோட்டாக்களை எடுத்துவிட்டு, பிஸ்டலைப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வெயிலில் வைத்தோம். காய்கறிக்காரம்மா இரண்டையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பீன்ஸை நிறுத்துக் கொடுத்தாள். ஒரு மணி நேரத்தில் எண்ணெய் உருகியது. பிஸ்டலும் உருகியது. ஸ்லைடு படக், படக் என்று போய் வந்தது. கோகிலா கை தட்டினாள். அப்புறம் மேகம் வந்தது. திரும்பவும் பாதியில் நின்றது.

ஆக, மேகம் இல்லாத நேரத்தில் கொலைகாரர்கள் வந்தால் நான் பிழைப்பேன்.

டிசம்பர் 18

மேஜையில் செய்தித்தாள் விரித்து சவரிமுத்து பிஸ்டலைக் கழற்றினார். உள்ளே உறைந்த எண்ணெயோடு வேறொரு பொருளும் அப்பியிருந்தது. மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாறி மாறி.

"இது என்னது?"

"சந்தனம் சார். குங்குமமும். ஆயுத பூசைக்கு வருசா வருசம் அம்புட்டுத் துப்பாக்கிக்கும் வைக்கது."

"வெளியே வைக்காம உள்ள எப்படிப் போச்சு?"

அவர் முகம் கறுத்தது. "நான்தான் சார் வச்சது. நான் கிறிஸ்தவ வேதக்காரன்னாலும் நமக்குக் கை ராசின்னு என்கிட்டதான் குடுப்பாவ. கொறையா வச்சா சாமிக்குத்தம்னு சொல்லிருவாவளேன்னு நல்லா தாராளமா வச்சுட்டேன்."

அகழாய்வில் மண்ணடுக்குகளை வைத்துக் காலம் கணிப்பார்கள். ஊசியால் சுரண்டச் சுரண்ட, ஒவ்வொரு ஆயுத பூஜையாகப் பின்னோக்கிப் போனோம். புளி போட்டுத் தேய்க்கலாமா என்றாள் கோகிலா. குத்துவிளக்குக்கு அப்படித்தானே. வேண்டாம் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, அவளுடைய தையல் மெஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டோம்.

மாட்டினார். இழுத்து விட்டார். அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. இரும்புப் பெட்டி மூடியது போல. பத்து முறை செய்யச் சொன்னேன். பிறகு மதிலில் ஒரு ராத்திரி முழுக்கக் குளிரில் வைக்கச் சொன்னேன்.

டிசம்பர் 19

விடிந்ததும் எடுத்துப் பார்த்தோம். மேலே பனித்துளி. ஸ்லைடு ஓடியது. இரண்டு வாரத்தில் முதல்முறையாக இட்லி ஆறு சாப்பிட்டேன்.

டிசம்பர் 23

மாலை விவகாரம் மேலிடம் வரை போனதால், சுட்டுப் பார்க்க அனுமதி வந்துவிட்டது. சமவெளியில் இருக்கும் ஆயுதப்படை மைதானத்துக்குப் போனோம். சவரிமுத்து போனால் நான் தனியாக இருக்க வேண்டும், நான் போனால் கோகிலா தனியாக இருக்க வேண்டும். ஆகவே மூவரும் பிஸ்டலும் அரசுப் பஸ்ஸில் போனோம். கோகிலா புளியோதரை கட்டியிருந்தாள்.

ஐந்து தோட்டா. இரண்டு சரியாகப் போயின. மூன்றாவது பாதி ஏறி, மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. ஆர்மரர் வந்து பார்த்தார். பெரிய மீசை, சின்னக் குரல். தோட்டாக்கள் அடுக்கும் மேகசினைக் கையில் எடுத்து, விரலால் அமுக்கினார்.

"ஸ்பிரிங் செத்துப்போச்சு. எத்தன வருசமா தோட்டாவ ரொப்பியே வச்சிருந்தீங்க?"

"நான் வாங்கும்போதே ரொம்பித்தான் இருந்துச்சுய்யா."

"அதான். வேலையே குடுக்காம அமுக்கியே வச்சிருந்தா எந்த ஸ்பிரிங்கும் சாகும்."

புது ஸ்பிரிங் கேட்டு எழுதியிருக்கிறார்களாம். எப்போது எழுதினார்கள் என்று கேட்டேன். எழுதியவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார் என்றார் ஆர்மரர்.

சுட்ட தோட்டாவின் காலிக் கேஸைத் திருப்பிக் கொடுக்காமல் மைதானத்தை விட்டு யாரும் போக முடியாது. ஒன்று புல்லில் விழுந்து காணாமல் போய்விட்டது. நாங்கள் மூவரும், ஆர்மரரும், ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் மண்டியிட்டுத் தேடினோம். கடைசி பஸ் போய்விடுமோ என்று பயந்தேன். கொலை செய்யப்படப்போகும் மனிதனுக்குப் பஸ்ஸைத் தவறவிடும் பயம் எதற்கு என்று கோகிலா கேட்டாள். சொல்லிவிட்டு அவளே அதிர்ந்து போனாள். கேஸையும் அவள்தான் கண்டெடுத்தாள்.

டிசம்பர் 25

சவரிமுத்து ஊருக்குப் போக முடியவில்லை. காலையில் இங்கே இருக்கும் சிறிய தேவாலயத்துக்கு நாங்கள் மூவரும் போனோம். அவர் பாட, நாங்கள் நின்றோம். பிறகு பிள்ளைகளோடு போனில் பேசினார். மகன் ஏதோ கேட்க, "இல்லலே, ஒருத்தனையும் சுடல. சுட்டா கேஸ் பொறுக்கணும்லா" என்றார்.

டிசம்பர் 29

போஜனின் மனைவி மாதி வந்தாள். கைக்குழந்தை. முந்தானையில் அவரைக்காய் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். உட்காரச் சொன்னோம், தரையில் உட்கார்ந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னோம். நுனியில் உட்கார்ந்தாள்.

"அத்தன பேரும் பாக்கலன்னு சொல்லிட்டாங்க சார். எங்க அண்ணனும் அங்கதான் நின்னான், அவனும் பாக்கலன்னுட்டான். அவனுக்கும் புள்ளைங்க இருக்கு, நான் ஒண்ணும் சொல்லல. நீங்க ஒருத்தர்தான்."

நான் பதில் சொல்லத் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். அதற்குள் கோகிலா முந்திக்கொண்டாள்.

"அவரு சொல்லுவாரும்மா. முப்பது வருசமா பேசியே சம்பாதிச்ச மனுசன். இதைச் சொல்ல மாட்டாரா?"

மாதி சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்ப்பது இதுவே முதல் தடவை. பிஸ்டலைப் பார்த்து, "இது நல்லா இருக்குங்களா சார்?" என்றாள். ஸ்பிரிங் ஒன்றுதான் பாக்கி என்றேன்.

ஜனவரி 4

ஸ்பிரிங் கிடைத்துவிட்டது. சவரிமுத்துவின் நண்பர் ஒருவர் ஒரு முன்னாள் வாரியத் தலைவருக்குப் பாதுகாப்பில் இருக்கிறார். அவரிடமும் இதே ரகப் பிஸ்டல். அந்தத் தலைவரை இதுவரை யாரும் கொல்ல விரும்பியதில்லை, ஆகவே புத்தம் புது மேகசின் கொடுத்திருக்கிறார்கள். நண்பர்கள் இருவரும் பஸ் நிலையத்தில் டீ குடித்தபடி மேகசினை மாற்றிக்கொண்டார்கள். தலைவருக்குத் தெரிவிக்கப்படவில்லை.

ஜனவரி 6

பத்துக்குப் பத்து.

மறுபடியும் மைதானம். பத்துத் தோட்டாவும் தடையில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக. நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன், பத்தாவதில் இரண்டு கையும் மேலே போயிருந்தன. ஆர்மரர் கைகொடுத்தார். சவரிமுத்து பிஸ்டலை முத்தமிட்டு, சூடு பட்டு உதட்டைப் பொத்திக்கொண்டார். காலிக் கேஸ் பத்தும் அகப்பட்டன. பஸ்ஸில் கோகிலா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மாதக்கணக்கில் செய்யாத காரியம்.

சாட்சி சொல்ல இன்னும் இரண்டு வாரத்துக்குள்தான் இருக்கிறது. ஒரே ஒரு சிக்கல். பிஸ்டல் சரியாகிவிட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது. இதை எப்படித் தெரிவிப்பது?

ஜனவரி 8

தெரிவித்தேன். குணசீலன் தானாகவே வந்தான், புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல. சவரிமுத்துவை அழைத்து, இழுத்துக் காட்டச் சொன்னேன். படக். மறுபடி. படக்.

"பத்துக்குப் பத்து குணசீலா. இனிமே நிக்காது."

குணசீலன் மனதாரச் சந்தோஷப்பட்டான். அதில் பாசாங்கு இல்லை.

"ரொம்ப நல்லதுங்க சார். உங்களுக்கு ஒண்ணுன்னா எங்களுக்கும் கஷ்டமுங்க." டம்ளரை மேஜையில் வைத்தான். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டான். "பெங்களூர்லயும் ஒரு பிஸ்டல் இருக்குங்களா சார்?"

ஜனவரி 9

கயற்கண்ணி போன் செய்தாள். வாசலில் யாரோ ஒரு பெட்டி வர்க்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களாம். நன்றாக மொறுமொறுவென்று இருக்கிறதாம். "நீங்கதான அனுப்பினீங்க அப்பா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். பெங்களூர் வேறு மாநிலம் என்றார். அதுவும் சரிதான்.

ஜனவரி 10

சவரிமுத்துவிடம், பிஸ்டல் எத்தனை மீட்டர் வரை சுடும் என்று கேட்டேன். நன்றாகக் குறி பார்த்தால் ஐம்பது என்றார்.

ஜனவரி 12

மலையில் பனிமூட்டம் விசித்திரமானது. தெளிவாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்போம், கையெட்டும் தூரத்தில் இருப்பது தெரியாமல் போகும். செப்டம்பரிலும் சில நாட்களில் பகலிலேயே வரும். இன்று நூலகத்துக்குப் போய் அதே ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடி அழுக்காக இருந்தது. ஜன்னல் கண்ணாடியைச் சொல்கிறேன்.

ஜனவரி 14

பொங்கல். சவரிமுத்து விறகடுப்பு மூட்டினார். விறகை அந்த பிளெக்ஸால்தான் மூடியிருந்தோம், கட்டு ஈரமாகவில்லை. பானை பொங்கியபோது கோகிலா மட்டும் சத்தம் போட்டாள்.

சாப்பிட்டபோது, நீதிமன்றத்தில் என்ன கேட்பார்கள், எப்படிச் சொல்வேன் என்று கேட்டாள். கேட்டதற்குச் சொல்வேன் என்றேன். அவள் என்னையே பார்த்தாள்.

"கயல் பேசினா. நீங்க வர்க்கி அனுப்பினதாச் சொன்னா."

சர்க்கரைப் பொங்கலில் முந்திரி குறைவு என்று சொன்னேன்.

ஜனவரி 18

பிஸ்டலை நானே கழற்றித் துடைத்தேன். சவரிமுத்து அனுமதித்தார். தையல் மெஷின் எண்ணெய் மூன்று சொட்டு. மறுபடி கழற்றித் துடைத்தேன். மூன்றாவது தடவை சவரிமுத்து மெதுவாக என் கையிலிருந்து அதை வாங்கினார்.

"போதும் சார். இதுக்கு மேல இதுல சரிபண்ண ஒண்ணுமில்ல."

ஜனவரி 19

மலைப்பாதையில் போலீஸ் ஜீப்பில் போனோம். ஒரு தொந்தரவும் இல்லை. எதிரே வந்த வண்டிகள் ஒதுங்கி வழிவிட்டன.

கூண்டில் ஏறினேன். நூலகத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். சத்தம் கேட்டு நிமிர்ந்ததைச் சொன்னேன். அரசு வழக்கறிஞர் இளம்பெண். நல்ல குரல்.

"நிமிர்ந்து பார்த்தப்ப யாரைப் பார்த்தீங்க?"

"பனிமூட்டமா இருந்துச்சு."

"செப்டம்பர் மாசம், காலை பதினோரு மணிக்கா?"

"மலையில எப்ப வேணும்னாலும் வரும்."

அவர் தன் காகிதங்களைப் பார்த்தார். போலீசில் நான் சொன்னதை வாசித்தார். அப்படிச் சொன்னதாக நினைவில்லை என்றேன். என்னைப் பிறழ் சாட்சியாக அறிவிக்க அனுமதி கேட்டார். நீதிபதி அனுமதித்தார். மூன்று எதிரிகளும் அங்கே நின்றிருந்தார்கள். நீதிமன்றத்தில் அவர்கள் மிகவும் ஒழுங்காக நடந்துகொண்டார்கள்.

மாதி கடைசி பெஞ்சில் இருந்தாள். கோகிலாவும் அங்கேதான் இருந்தாள், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு. நான் இறங்கி வந்த பிறகும் அவள் என் பக்கத்துக்கு வரவில்லை.

திரும்பும்போது சவரிமுத்துவிடம், இந்தக் குளிரிலும் ஸ்லைடு எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்று நான் சொன்னேன். "ஓடுது சார்" என்றார்.

ஜனவரி 21

அச்சுறுத்தல் நீங்கிவிட்டதாக எழுதி, சவரிமுத்துவைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். கிளம்பும்போது கோகிலாவின் காலில் விழுந்தார். அவள் தையல் மெஷின் எண்ணெய்ப் புட்டியை ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தாள். என்னிடம் கைகுலுக்கினார்.

"வாரேன் சார். உடம்பப் பாத்துக்கிடுங்க."

"நல்ல பிஸ்டல் சவரிமுத்து."

"இப்ப நல்ல பிஸ்டல்தான் சார்" என்றார். பஸ் வந்துவிட்டது.

ஜனவரி 22

கோகிலா பெங்களூருக்குப் போயிருக்கிறாள், பிரசவத்துக்கு உதவ. பிரசவம் மார்ச்சில். என்றைக்குத் திரும்புவாள் என்று கேட்கவில்லை. ரசம் நானே வைத்தேன்.

மேஜையின் வடக்கு ஓரம் காலியாக இருக்கிறது. ஜாடியை நகர்த்துவதா என்று முடிவு செய்யவில்லை.

பிப்ரவரி 26

தீர்ப்பு. மூவரும் விடுதலை. செய்தித்தாளில் ஏழாம் பக்கம்.

மார்ச் 3

கயற்கண்ணிக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

மாதிக்கு வனத்துறையில் கருணை அடிப்படையில் வேலை கொடுத்திருக்கிறார்கள். கணவன் இருந்த அதே சாவடி. முதல் மாதம் ராத்திரிப் பணி.